தாளும் எழுத்தும்: போருக்குப் பிந்திய கொரியாவும் அயலார் உதவியும்

திருக்குறளின் பொருட்பாலில் 'இரவு' என ஓர் அதிகாரம் உண்டு. அதனையடுத்தே 'இரவச்சம்' என ஓர் அதிகாரம் உண்டு. கொடுக்கத் தக்காரிடம் கேட்பதில் குற்றமில்லை என்பது முன்னதன் போக்கு. யாரிடத்தும் கேளாதிருத்தலே மேல் என்பது பின்னதன் போக்கு. ஒரே நூலில் இவ்விரண்டும் அடுத்தடுத்து நிற்பதை உரைமரபு முரணாகக் கொள்ளவில்லை. மானம் கெடாத இரத்தல் ஒன்று, மானம் கெட வரும் இரத்தல் மற்றொன்று எனப் பிரித்துப் பொருள் கண்டது. தனிமனிதர்க்குச் சொல்லப்பட்ட இவ்வேறுபாடு நாடுகளுக்கும் பொருந்துமா? போரில் அழிந்த நாடொன்று அயலார் தரும் உணவையும் எந்திரத்தையும் பணத்தையும் பெற்று எழும்போது, அதன் மானம் எதனால் காக்கப்படுகிறது? எதனால் கெடுகிறது?

இவ்வினாவிற்கு விடை தேட நான் எடுத்துக்கொண்ட நாடு தென்கொரியா. அந்நாட்டின் தொழில் வளர்ச்சி பற்றிப் பொருளியலார் நிரம்ப எழுதியுள்ளனர். நான் பொருளியல் கற்றவள் அல்லேன், தமிழ் கற்பிப்பவள். அகராதிக் கலை குறித்து மாணவர்க்குப் பாடம் சொல்ல நேர்ந்தபோது, பிறமொழி அகராதிகள் தோன்றிய வரலாறுகளைப் படித்தேன். கொரிய மொழிப் பேரகராதியின் வரலாறு அவ்வாறுதான் என் கண்ணிற்பட்டது. அந்நூலின் கதைக்குள் ஒரு நாடு பெற்ற உதவியின் கதையும் அடங்கியிருந்தது. கவிஞர்களும் மொழியன்பர்களும் கூடும் நம் வட்டத்தின் பத்தாமாண்டு மலரில் அதனைச் சொல்வது பொருத்தமெனக் கருதுகிறேன்.

போர் விட்டுச்சென்றவை

1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானிய ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. இரண்டாம் உலகப்போரின் முடிவில் 38ஆம் அகலக்கோட்டில் நாடு இரண்டாகப் பிரிக்கப்பட்டது. நிலக்கரி, நீர்மின்சாரம், உரத்தொழில் ஆகியவற்றுள் பெரும்பகுதி வடக்கில் நின்றது. நெல் விளையும் வயல்களுள் பெரும்பகுதி தெற்கில் நின்றது. 1948 மே மாதத்தில் வடக்கு மின்சாரத்தைத் துண்டித்தபோது தெற்கின் ஆலைகள் தடுமாறின. 1950 ஜூன் 25ஆம் நாள் போர் மூண்டது. ஓராண்டிற்குள் தலைநகர் சியோல் நான்கு முறை கைமாறியது. 1953 ஜூலை 27ஆம் நாள் பன்முன்ஜொமில் போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அமைதி உடன்படிக்கை இன்றுவரை ஏற்படவில்லை.

இந்தியா அப்போருக்குப் போர்ப்படை அனுப்பவில்லை, மருத்துவர்களை அனுப்பியது. லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் தலைமையில் 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவு 1950 நவம்பரில் கொரியா சென்று, மூன்றாண்டுகளுக்கு மேல் படைவீரர்க்கும் பொதுமக்களுக்கும் மருத்துவம் செய்தது. போர் நின்றபின் கைதிகளைத் திருப்பியனுப்பும் நடுநிலை நாடுகள் ஆணையத்திற்கு ஜெனரல் திம்மய்யா தலைமை தாங்கினார். கொரியாவிற்குச் சென்ற அயலுதவியுள் நம் நாட்டின் பங்கும் இவ்வாறு உண்டு.

வந்த உதவியும் அதன் வழியும்

போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 1950 டிசம்பர் 1ஆம் நாள், ஐக்கிய நாடுகள் பொதுச்சபை கொரிய மறுசீரமைப்பு முகமையைத் தோற்றுவித்தது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'உங்க்ரா' என்று கொரியர் அழைத்தனர். 25 கோடி டாலர் திரட்டுவது அதன் தொடக்கத் திட்டம். இறுதியில் அது வழங்க முடிந்தது ஏறத்தாழ 12 கோடி டாலரே. உதவியின் பெரும்பகுதி அமெரிக்காவிடமிருந்து நேரடியாக வந்தது. 1945 முதல் 1961 வரை தென்கொரியா பெற்ற அமெரிக்கப் பொருளுதவி 300 கோடி டாலரைக் கடந்தது. போருக்குப் பிந்திய பத்தாண்டுகளில் அந்நாடு இறக்குமதி செய்த பொருள்களுள் பத்தில் ஏழு பங்கு உதவிப் பணத்தால் வாங்கப்பட்டவை.

பணம் நேரே கருவூலத்தில் சேர்ந்துவிடவில்லை. கோதுமை, பருத்தி, சர்க்கரை, உரம் எனப் பொருளாகவே பெரும்பாலும் வந்தது. அப்பொருள்களை உள்நாட்டில் விற்றுக் கிடைத்த நாணயம் தனிக்கணக்கில் வைக்கப்பட்டது. அக்கணக்கிலிருந்து எடுத்துச் செலவிடக் கொடுத்தவர் இசைவும் வேண்டும், கொண்டவர் இசைவும் வேண்டும். இதற்கென 1952ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி இருநாட்டுக் கூட்டுப் பொருளாதாரக் குழு ஒன்று அமைந்தது.

அக்குழுவில் ஓயாத வழக்காடல் நிகழ்ந்தது. விலைவாசி அடங்கவேண்டும், மக்கள் உண்ணவும் உடுக்கவும் வேண்டும், ஆகவே நுகர்பொருளே முதலில் வரவேண்டும் என்றனர் அமெரிக்கர். உண்டு தீரும் பொருள் நாட்டை எழுப்பாது, ஆலைகளே வேண்டும் என்றார் குடியரசுத் தலைவர் சிங்மன் ரீ. உதவிப் பணத்தில் ஜப்பானியப் பொருளை வாங்கச் சொன்னபோது அவர் உடன்படவில்லை. முப்பத்தைந்து ஆண்டு அடிமைப்படுத்திய நாட்டின் தொழிலை வளர்க்கத் தம் மக்களின் பசியைப் பயன்படுத்துவதா என்பது அவர் மறுப்பின் சாரம்.

இவ்வழக்காடலின் பயனாக இரண்டும் ஓரளவு நடந்தன. உங்க்ராவின் உதவியால் முன்கியோங்கில் சிமெண்டு ஆலையும் இஞ்சோனில் கண்ணாடி ஆலையும் 1957இல் எழுந்தன. சுங்ஜூவில் உர ஆலைக்கு 1955இல் ஒப்பந்தமாயிற்று. காலம் நீண்டு, செலவு பெருகி, 1961இல்தான் அது நிறைவேறியது. எனினும் அங்கே அயல்நாட்டுப் பொறியாளரிடம் பயின்ற கொரிய இளைஞர்களே பின்னாளில் அந்நாட்டு வேதித்தொழிலின் முதல் தலைமுறையாயினர். மின்னசோட்டா பல்கலைக்கழகம் 1954 முதல் 1962 வரை சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தின் மருத்துவம், வேளாண்மை, பொறியியல் துறைகளுக்குத் துணைநின்றது. இருநூற்றுக்கும் மேற்பட்ட கொரிய ஆசிரியர்கள் அங்குச் சென்று பயின்றனர். நார்வே, டென்மார்க், சுவீடன் ஆகிய நாடுகளின் துணையால் சியோலில் தேசிய மருத்துவ மையம் 1958இல் திறக்கப்பட்டது. வடக்கிலும் மறுசீரமைப்பு அயலுதவியாலேயே நடந்தது. சோவியத் நாடும் சீனாவும் கிழக்கு ஐரோப்பிய நாடுகளும் அங்கு உதவின. குண்டுவீச்சில் தரைமட்டமான ஹாம்ஹுங் நகரைக் கிழக்கு செருமனி மீட்டெடுத்தது.

உதவியின் மறுபக்கமும் கூறப்பட வேண்டும். 1954இல் அமெரிக்கா இயற்றிய சட்டமொன்று அந்நாட்டில் மிகுந்துபோன தானியத்தை அயல்நாடுகளுக்கு அனுப்ப வழிசெய்தது. கப்பல் கப்பலாகக் கோதுமையும் பருத்தியும் கொரியாவில் இறங்கின. பசி தணிந்தது, ஆனால் உள்நாட்டில் கோதுமையும் பருத்தியும் பயிரிட்ட உழவர் விலையின்றி நொடித்தனர். மாவு, சர்க்கரை, பருத்தி என மூன்று வெண்பொருள்களை அரைத்தும் நூற்றும் விற்ற ஆலையதிபர்கள் செழித்தனர். 1955 முதல் ஒரு டாலருக்கு 500 ஹ்வான் என்று அரசு நிலைநிறுத்திய மாற்று விகிதம் சந்தை மதிப்பினும் மிகக் குறைவானது. அவ்விகிதத்தில் டாலர் பெறும் உரிமை கிடைத்தவர் ஒரே நாளில் செல்வரானார். அவ்வுரிமை ஆளுங்கட்சிக்கு நெருங்கியவர்க்கே கிடைத்தது. இரவச்சம் கூறும் அச்சம் மெய்யான இடம் இது.

பாடநூலின் கடைசிப் பக்கம்

இனி, மானம் கெடாமற் காத்தவை எவை என்று காண்போம். அவற்றுள் முதலாவது நிலம். ஜப்பானியர் விட்டுச்சென்ற நிலங்கள் 1948இல் குத்தகையாளர்க்கு விற்கப்பட்டன. 1949இல் இயற்றி 1950 மார்ச்சில் திருத்தப்பட்ட நிலச்சீர்திருத்தச் சட்டம், ஏறத்தாழ மூன்று எக்டருக்கு மேல் ஒருவர் விளைநிலம் வைத்திருத்தலாகாது என வரையறுத்தது. நிலம் பெற்ற உழவர், ஓராண்டு விளைச்சலின் ஒன்றரை மடங்கை ஐந்தாண்டுகளில் தவணையாகச் செலுத்தினால் போதும். உங்க்ரா தோன்றுவதற்கு முன்பே இச்சட்டம் வந்துவிட்டது. உதவி வந்து இறங்கிய மண், உழுபவனுக்கே உரிய மண்ணாக ஏற்கெனவே மாறத் தொடங்கியிருந்தது.

இரண்டாவது கல்வி. ஜப்பானியர் ஆட்சியின் இறுதி ஆண்டுகளில் பள்ளிகளிலிருந்து கொரிய மொழி அகற்றப்பட்டது. 1940 முதல் மக்கள் தம் குடும்பப் பெயரையே ஜப்பானிய முறைக்கு மாற்றிக்கொள்ள வற்புறுத்தப்பட்டனர். விடுதலை வந்த 1945இல் ஐந்தில் நால்வர் எழுத்தறியாதவர். பாடநூல் கொரிய மொழியில் இல்லை; கற்பிக்கும் ஆசிரியர் பலர் தாமே கொரிய எழுத்தைப் புதிதாகக் கற்கவேண்டியிருந்தது. ஐந்தாண்டுகளில் போரும் வந்தது. பள்ளிக் கட்டடங்கள் இடிந்தன. மரத்தடியிலும் கூடாரத்திலும் வகுப்புகள் நடந்தன.

இந்நிலையில் உங்க்ரா பாடநூலுக்குத் தாள் தந்தது. பின்னர் யுனெஸ்கோவும் உங்க்ராவும் இணைந்து பொருளுதவி செய்ய, சியோலின் யோங்துங்போவில் பாடநூல் அச்சகம் ஒன்று 1954இல் எழுந்தது. ஆண்டிற்கு மூன்று கோடிப் படிகள் அச்சிடும் ஆற்றலுடையது அது. போர்க்காலப் பாடநூல்களின் கடைசிப் பக்கத்தில் குழந்தைகளுக்கு ஒரு குறிப்பு இருக்கும். இந்நூல் உங்க்ரா வழங்கிய தாளில் அச்சிடப்பட்டது. இவ்வுதவிக்கு நன்றியுணர்ந்து மேலும் ஊக்கத்துடன் படித்து நாட்டைச் சீரமைப்போராக வளர்வோம் என்பது அதன் கருத்து. அத்தகைய நூல்களைப் படித்து வளர்ந்தவர் பான் கி மூன். ஐக்கிய நாடுகள் அவையின் பொதுச்செயலாளராக 2007 முதல் 2016 வரை இருந்த அவர், இதனைப் பலமுறை நன்றியோடு நினைவுகூர்ந்துள்ளார்.

அக்குறிப்பை நன்றியின் குறிப்பாகவும் கொள்ளலாம். கடனின் குறிப்பாகவும் கொள்ளலாம். ஆனால் கடைசிப் பக்கத்திற்கு முன்னுள்ள பக்கங்களே நமக்கு முதன்மையானவை. தாள் அயலாருடையது, அதில் பதிந்த மொழியும் எழுத்தும் பாடமும் கொரியருடையவை. பள்ளிக்கு ஆன செலவிற்குப் பெற்றோர் கழகங்கள் தம் வறுமையிலும் கொடுத்தன. உழவர் தம் எருதை விற்று மகனைப் பல்கலைக்கழகத்திற்கு அனுப்பினர். பல்கலைக்கழகத்தை 'தந்தக் கோபுரம்' என்று பிறர் கூற, கொரியர் அதனை 'எருதெலும்புக் கோபுரம்' என்று கசப்போடு அழைத்தனர். 1959ஆம் ஆண்டளவில் பள்ளி செல்லும் அகவையுடைய குழந்தைகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைவருக்கு மேல் தொடக்கப்பள்ளியில் இருந்தனர். எந்த நிதியறிக்கையிலும் ஏறாத அவ்வெருதுகளையும் உதவிக் கணக்கில் சேர்த்தாலன்றிக் கணக்கு நிறைவுறாது.

பேரகராதியின் கதை

கொரியர் தம் பேரகராதிப் பணியை 1929இல் தொடங்கினர். மொழிக்கழகத்தின் அறிஞர்கள் நாடெங்குமிருந்து சொற்களைத் திரட்டினர். அகராதிக்கு அடித்தளமாக 1933இல் எழுத்துமரபு விதிகளை வகுத்து வெளியிட்டனர். 1942 அக்டோபரில் ஜப்பானியக் காவல்துறை அவர்களைச் சிறைப்பிடித்தது. மொழியைப் பேணுவதே நாட்டைப் பிரிக்கும் சதி என்பது குற்றச்சாட்டு. லீ யுன்ஜே, ஹான் ஜிங் ஆகிய இருவர் ஹாம்ஹுங் சிறையிலேயே உயிர்நீத்தனர். கையெழுத்துப்படி சான்றுப்பொருளாகப் பறிமுதலாயிற்று.

விடுதலைக்குப் பின், 1945 செப்டம்பரில், சியோல் இரயில் நிலையச் சரக்குக் கிடங்கில் அக்கையெழுத்துப்படி கண்டெடுக்கப்பட்டது. ஏறத்தாழ 26,500 தாள்கள். ஒரு மொழியின் சொல்வளம் கேட்பாரற்ற சரக்குப் பொதியாகக் கிடந்து மீண்டது. கொரிய எழுத்தின் நாளாகிய அக்டோபர் 9ஆம் நாளில், 1947இல், முதல் தொகுதி வெளிவந்தது. அடுத்த தொகுதிகளுக்குத் தாளில்லை, மையில்லை, கட்டுமானப் பொருளில்லை. அப்போது அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளை முன்வந்தது. 1948இல் அது 45,000 டாலர் மதிப்புள்ள அச்சுப்பொருள்களை அளிக்க இசைந்தது. 1949இல் இரண்டாம் தொகுதியும் 1950 ஜூனில் மூன்றாம் தொகுதியும் வந்தன. அம்மாதமே போரும் வந்தது. பணி நின்றது, கையெழுத்துப்படி மட்டும் மீண்டும் தப்பிற்று.

எழுத்துப் பூசல்

போர் முடியும் தறுவாயில் அறக்கட்டளை மறுமுறை உதவ முன்வந்தது. இம்முறை தடை உள்நாட்டிலிருந்தே எழுந்தது. சிங்மன் ரீ நாற்பதாண்டுகளில் பெரும்பகுதியை அயல்நாட்டில் கழித்தவர்; இளமையில் தாம் கற்ற பழைய எழுத்துமுறையே எளிது என்னும் எண்ணமுடையவர். அரசு ஆவணங்களும் பாடநூல்களும் பழைய முறையிலேயே எழுதப்பட வேண்டும் என 1953 ஏப்ரலில் அரசாணை பிறந்தது. சீர்திருத்தம் என்பது அதற்கு இடப்பட்ட பெயர்.

பூசலின் பொருளைத் தமிழர் எளிதில் உணரலாம். 'கல்' என்பதும் 'சிலை' என்பதும் சேர்ந்தால் 'கற்சிலை' என்று ஒலிமாற்றத்தையே நாம் எழுத்தில் காட்டுகிறோம். 1933ஆம் ஆண்டின் கொரிய விதியோ வேர்ச்சொல்லின் வடிவை எங்கும் மாற்றாமல் எழுதி, ஒலிமாற்றத்தை நாவிற்கு விட்டுவிடும். விலை என்னும் பொருளுடைய சொல் தனித்து நிற்கையில் 'கப்' என ஒலிக்கும். உயிரில் தொடங்கும் உருபு ஏறினால் மறைந்திருந்த மற்றொரு மெய் வெளிப்பட்டுக் 'கப்ஸ்' என ஒலிக்கும். அம்மெய்யை எப்போதும் எழுதுவது அறிஞர் விதி. கேட்டபடி எழுதுவது தலைவர் விருப்பம். ஒலியே போதுமென்று கொண்டால் கற்பது எளிதாகலாம். ஆயின் சொல்லின் வேர் கண்ணுக்குப் புலப்படாது. எழுத்துச் சீர்திருத்தத்தில் இருதரப்புக்கும் நியாயம் உண்டு. ஒரு மொழியினர் கற்றுக்கொண்டிருக்கும்போதே, அவர்களைக் கேளாமல் ஆணையால் மாற்றுவதுதான் கொரியரைக் கொதிக்கச் செய்தது.

அகராதிப் பணியின் தூண்களுள் ஒருவராகிய சே ஹ்யோன்பே அப்போது கல்வி அமைச்சில் பாடநூல் துறையின் தலைவர். 1942இல் சிறை சென்றவர். ஆணையை ஏற்காமல் பதவி துறந்தார். கல்வி அமைச்சர் கிம் போப்ரின்னும் அன்று சிறைப்பட்டவர்களுள் ஒருவரே. 1954இல் அவரும் விலகினார். ஆசிரியர், எழுத்தாளர், இதழாளர் எனப் பலரும் எதிர்த்தனர். அரசு புதிய எளிமைத் திட்டத்தை 1954 ஜூலையில் வெளியிட்டும் எதிர்ப்பு அடங்கவில்லை. பூசல் நீடித்தவரை அகராதிக்குரிய உதவியும் வந்து சேரவில்லை. உதவியை ஏற்க அரசின் இசைவு வேண்டும். பழைய விதியில் அமைந்த அகராதிக்கு இசைவளிக்க அரசுக்கு மனமில்லை. தலைவரின் முறைக்கு மாற்றி எழுதியிருந்தால் தாள் வந்திருக்கும். அறிஞர்கள் மாற்றவில்லை; காத்திருந்தனர்.

1955 செப்டம்பரில் சிங்மன் ரீ, மக்கள் விரும்பியபடியே எழுதிக்கொள்ளட்டும் என்று அறிவித்துப் பின்வாங்கினார். 1956இல் ராக்பெல்லர் உதவி மீண்டும் வந்தது. 1957 அக்டோபர் 9ஆம் நாள் ஆறாம் தொகுதியோடு பேரகராதி நிறைவுற்றது. அதனுள் அடங்கிய சொற்கள் 1,64,125. தொடங்கி இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

மானம் கெடாத இரத்தல் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று நான் கண்டதில்லை. தாளுக்காக அயலாரிடம் கை நீட்ட அவர்கள் நாணவில்லை. அத்தாளில் எவ்வாறு எழுதுவது என்பதில் மட்டும், கொடுத்தவர்க்கும் பணியவில்லை, தம்மை ஆண்டவர்க்கும் பணியவில்லை.

1960 ஏப்ரல்

உதவியால் நிலைத்த ஆட்சி காலப்போக்கில் கொடுங்கோலாயிற்று. 1960 பிப்ரவரி 28ஆம் நாள், எதிர்க்கட்சிக் கூட்டத்திற்கு மாணவர் செல்லாதிருக்க ஞாயிறன்றும் பள்ளி நடத்த ஆணையிட்டதை எதிர்த்து, தேகு நகர உயர்நிலைப்பள்ளி மாணவர் தெருவில் இறங்கினர். மார்ச் 15ஆம் நாள் தேர்தலில் வெளிப்படையான மோசடி நடந்தது. அன்று மாசான் நகரில் போராடிக் காணாமற்போன மாணவர் கிம் ஜூயுலின் உடல், கண்ணில் கண்ணீர்ப்புகைக் குண்டு பாய்ந்த நிலையில், ஏப்ரல் 11இல் கடலில் கிடைத்தது. ஏப்ரல் 19இல் சியோலில் மாணவர் பெருந்திரளாக எழுந்தனர். துப்பாக்கிச் சூட்டில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 25ஆம் நாள் பேராசிரியர்கள் 258 பேர் கையொப்பமிட்டு ஊர்வலம் சென்றனர். 26ஆம் நாள் சிங்மன் ரீ பதவி விலகினார்.

அம்மாணவர் யாவர்? உங்க்ரா தாளில் அச்சிட்ட பாடநூலைப் படித்த தலைமுறையினர். கடைசிப் பக்கக் குறிப்பு அவர்களை நன்றியுடையோராய் வளரச் சொன்னது. முன்பக்கங்கள் அவர்களுக்குக் குடியாட்சி என்னும் சொல்லைத் தாய்மொழியில் கற்பித்தன. கொடுத்தவரும் எதிர்பாராத, ஆண்டவரும் விரும்பாத விளைவு இது. போர்க்கைதியாகக் கோஜே தீவு முகாமில் இருந்து மீண்ட கவிஞர் கிம் சூயோங் அவ்வேப்ரலைப் பாடினார்; விடுதலையின் வேட்கையும் அதன் பின்வந்த ஏமாற்றமும் அவர் கவிதையில் உண்டு. ஏமாற்றம் பொய்யன்று. 1961 மே மாதத்தில் படைத்துறை ஆட்சியைக் கைப்பற்றியது. நாடு செல்வத்தில் வளர்ந்தது. தலைவரை மக்கள் நேரே தேர்ந்தெடுக்கும் உரிமை மீண்டும் நிலைபெற 1987 வரை காத்திருக்க நேர்ந்தது.

கைம்மாறு

தென்கொரியா பிறநாடுகளுக்கு உதவ 1991இல் தனி முகமை ஒன்றை நிறுவியது. உதவி வழங்கும் நாடுகளின் குழுவில் 2009 நவம்பரில் ஏற்றுக்கொள்ளப்பட்டு, அடுத்த ஆண்டில் உறுப்பினராயிற்று. பெற்ற நாடு கொடுக்கும் நாடாயிற்று என்று உலகம் வியந்தது. வியப்பு தகும். எனினும் உதவி வந்ததால் நாடு எழுந்தது என்று மட்டும் சொன்னால் அது பாதி வரலாறே. அவ்வுதவியே ஊழலுக்கும் உரமாயிற்று, உழவர் சிலரை வீழ்த்தவும் செய்தது. உழுபவனுக்கு நிலம், எருது விற்றுப் பெற்ற கல்வி, வளைந்துகொடாத எழுத்து ஆகிய மூன்றும் அந்நாட்டவர் தாமே தேடிக்கொண்டவை. அவை இருந்தமையால் வந்த உதவி பயன்பட்டது.

சரக்குக் கிடங்கில் கண்டெடுத்த அகராதிக் கையெழுத்துப்படியைக் கொரிய அரசு 2020இல் நாட்டின் அரும்பொருளாக அறிவித்தது. அடித்தும் திருத்தியும் பலர் கைபட்ட பக்கங்கள் அவை. பத்தாண்டுகளாக நம் வட்டமும் தாளுக்கும் அச்சுக்கும் அன்பர் பலரிடம் கேட்டே தன் மலர்களைக் கொணர்ந்துள்ளது. கேட்டதில் இழிவில்லை. தாள் எங்கிருந்து வரினும் அதில் எழுதுவதை நாமே முடிவுசெய்தோம் என்று சொல்ல முடிகிறவரை நம் தலையும் நிமிர்ந்தே இருக்கும்.